பியாங்காவைத் தூக்கிச் சுமப்பவர்கள்

கரின் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் கர்ப்பிணி. கொழுந்தன் லார்ஸை அவள் அதுவரை கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. பியாங்காவை யாரோ வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள், தன்னைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் அக்கறையில்லை என்று லார்ஸ் முறையிடும்போது, அண்ணிக்குப் பொறுமை போய்விடுகிறது. கத்தத் தொடங்குகிறாள். அவள் கத்துவது ஒரு வேலைப் பட்டியல்: சக்கர நாற்காலியைத் தள்ளுவது, வேலைக்குக் கொண்டுபோய் விடுவது, திரும்பக் கூட்டிவருவது, குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, எழுப்பி உட்காரவைப்பது, படுக்கவைப்பது, தூக்கிச் சுமப்பது. பியாங்கா ஒன்றும் சின்ன உருவம் இல்லை என்று இடையில் ஒரு குத்தலும் உண்டு. இத்தனையும் உன்மேல் வைத்த பிரியத்துக்காகத்தான் என்பதே அந்தப் பட்டியலின் சாரம். பியாங்கா, ஆளுயர சிலிக்கான் பொம்மை. இணையத்தில் பணம் கட்டி, பெட்டியில் வந்து இறங்கியவள்.

‘லார்ஸ் அண்ட் தி ரியல் கேர்ள்’ 2007இல் வந்த அமெரிக்கப் படம். நான்சி ஆலிவர் எழுதி, கிரெய்க் கில்லஸ்பி இயக்கியது. கதை நடப்பது அமெரிக்காவின் வடக்கே, பனி மூடிக் கிடக்கும் ஒரு சிற்றூரில்; படம்பிடித்தது கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்துச் சிற்றூர்களில். லார்ஸை (ரையன் காஸ்லிங்) பெற்றபோதே தாய் இறந்துவிட்டாள். துக்கத்திலேயே உறைந்துபோன தகப்பனிடம் வளர்ந்தவன். அண்ணன் கஸ் விவரம் தெரிந்ததும் வீட்டைவிட்டுப் போய்விட்டு, பிறகு மனைவியோடு திரும்பி வந்திருக்கிறான். லார்ஸ் வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் கார் கொட்டகையை அறையாக்கிக்கொண்டு அதில் வாழ்கிறான். யாராவது தொட்டால் அவனுக்கு வலிக்கும்; சூடு வைத்ததுபோல் எரியும். ஒருநாள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறாள் என்கிறான். பிரேசில் டென்மார்க் கலப்பு, மதப்பணி செய்கிறவள், கால் நடக்க வராது, ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, கூச்ச சுபாவம். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவளைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறான். பாலுறவுக்கென்று விற்கப்படும் பொம்மை அது. கல்யாணமாகாதவர்கள் ஒரே கூரையின் கீழ் தூங்குவது முறையில்லை என்பதால் அவள் அண்ணன் வீட்டில் தனியறையில் இருக்கட்டும் என்கிறான். கஸ்ஸின் முகமும் கரினின் முகமும் அந்த மேசையில் படும் பாட்டைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க முடியாது. ஒன்றரை மணி நேரத்துக்குமேல் போன பிறகு, அதே பொம்மையின் சாவுக்கு அரங்கம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் காஸ்லிங்கின் நடிப்பு. அதைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, அடுக்கடுக்காகப் போட்ட சட்டைகளுக்குள் ஒடுங்கி நிற்கும் அந்த உடம்பு எளிதில் மறக்காது. ஆனால் ஒரு நடிகன் தன் பிரமையில் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், எதிரே இருப்பவர்கள் அதை ஏற்காதவரை பார்க்கிற நமக்கு அது ஒரு நோயாளியின் காட்சிதான். பரிதாபம் வரும், சிரிப்பு வரும், சங்கடம் வரும்; துக்கம் வராது. படத்தின் உணர்ச்சி வலிமை ஊரின் கையில் இருக்கிறது என்பது என் வாதம். அதிலும், ஊரின் நல்ல மனசில் என்பதைவிட ஊர் செய்யும் வேலையில். கரின் அடுக்கிய அந்த வினைச்சொற்களில்.

இதே வகைக் கதை ஹாலிவுட்டுக்குப் புதிதில்லை. மேரி சேஸின் நாடகத்தைத் தழுவி 1950இல் வந்த ‘ஹார்வி’யில் ஜேம்ஸ் ஸ்டீவர்ட்டுக்கு ஆளைவிட உயரமான, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு முயல் சிநேகிதன். அக்காள் அவனை மனநோய் விடுதியில் சேர்க்கப் பார்க்கிறாள். ஊசி போட்டால் அந்த மனுஷன் மற்றவர்களைப்போல எரிந்துவிழுகிற ஆளாகிவிடுவான் என்று ஒரு வாடகைக்கார் ஓட்டுநர் சொல்ல, கடைசி நேரத்தில் மனம் மாறுகிறாள். அங்கே ஏற்பு என்பது கதையின் முடிவு, வாசலில் நின்று எடுக்கும் ஒரு தீர்மானம். மறுநாள் காலையில் அந்த முயலுக்கு யார் தட்டு வைப்பது என்று படம் கேட்பதில்லை. நான்சி ஆலிவரின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். படம் பாதியைத் தொடுவதற்கு வெகு முன்பே ஊர் ஒத்துக்கொண்டுவிடுகிறது. ஏற்பார்களா மாட்டார்களா என்ற பதற்றத்தை அவரே கழற்றி வைத்துவிடுகிறார். அதன்பின் மிஞ்சுவது, ஏற்றுக்கொண்டவர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்பது மட்டும்.

ஊர் ஒத்துக்கொள்ளும் அந்தக் காட்சியை நிதானமாகப் பார்க்கவேண்டும். தேவாலயத்துப் பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள். கஸ்ஸும் கரினும் உதவி கேட்டு வந்திருக்கிறார்கள். முணுமுணுப்பு எழுகிறது; இது அசிங்கம், பொம்மையை ஆலயத்துக்குள் எப்படி விடுவது என்கிற தோரணை. அப்போது திருமதி க்ரூனர் என்கிற மூதாட்டி எழுப்பும் கேள்விகள் அன்பைப் பற்றியவை அல்ல. உன் உறவுக்காரன் பூனைகளுக்குக் கவுன் மாட்டிவிடுகிறானே, உன் மருமகன் பறக்கும் தட்டுச் சங்கத்துக்குப் பணத்தையெல்லாம் கொட்டிக் கொடுத்தானே, உன் முதல் மனைவிக்குக் கை நீளம் என்பது ஊருக்கே தெரியுமே என்று ஒவ்வொருவர் வீட்டு ஓட்டையையும் எடுத்து மேசைமேல் வைக்கிறாள். அந்த மனிதர் மறுக்கிறார். அப்படியானால் என்னுடைய தோட்டைப் போட்டுக்கொண்டு அவள் எப்படிப் புதைக்கப்பட்டாள் என்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இந்தக் கிழவி ஊர் வாயையே உலைமூடியாக்கிவிடுகிறாள். சிற்றூரின் மிகப் பெரிய கொடுமை எதுவோ, எல்லோருக்கும் எல்லோரைப் பற்றியும் தெரிந்திருப்பது, அதுவே இங்கே காப்பாக மாறுகிறது. போதகர் இயேசுவாக இருந்தால் என்ன செய்வார் என்று கேட்பது பிறகு வருகிறது. அந்தக் கேள்வி மட்டும் இருந்திருந்தால் காட்சி பிரசங்கமாகியிருக்கும். பூனைக் கவுனும் திருட்டுத் தோடும் முன்னால் வந்ததால்தான் அது நிற்கிறது. ஊர் லார்ஸை மன்னிக்கவில்லை. தன் வரிசையில் சேர்த்துக்கொள்கிறது.

அடுத்த ஞாயிறு பியாங்கா ஆலயத்துக்கு வருகிறாள். யாரோ பூக்கள் கொடுக்கிறார்கள், செயற்கைப் பூக்கள். லார்ஸ் அவளிடம் குனிந்து, இவை நிஜமில்லை, அதனால் என்றைக்கும் வாடாது என்று சொல்லிப் பூரிக்கிறான். நிஜத்துக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவன் பேசும் பேச்சு அது. கொடுத்தவர்களுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். அந்த ஆலயத்து வாசலில் ஏமாந்தவர் யாருமில்லை. படத்தை மூடநம்பிக்கைக்கு வக்காலத்து என்று நினைக்கிறவர்கள் இந்தச் சின்ன வசனத்தைத் தவறவிட்டவர்கள்.

பார்வையாளரின் மனம் எங்கே திரும்புகிறது என்பதைத் திரைப்படக் கலையின் பழைய பாடம் ஒன்றை வைத்தே விளக்கலாம். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நடிகர் மோஸ்யூகினின் சலனமற்ற முகம் ஒன்றை எடுத்து, அதன் பக்கத்தில் ஒரு சூப்புக் கிண்ணத்தை ஒட்டினார்; பார்த்தவர்கள் பசி என்றார்கள். அதே முகத்துக்குப் பக்கத்தில் சவப்பெட்டியை ஒட்டினார், துக்கம் என்றார்கள். முகம் மாறவில்லை, பக்கத்தில் இருப்பது மாறியது. பியாங்காவைவிடப் பொருத்தமான குலெஷோவ் முகம் கிடைக்காது. வாய் லேசாகத் திறந்த அதே பார்வைதான் படம் நெடுக. அதற்குப் பக்கத்தில் ஊர்க்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன. அழகு நிலையத்தில் அவள் முடியைத் திருத்தும் பெண்ணின் முகம் வந்தால் பியாங்கா அலங்காரம் செய்துகொள்கிறாள். மருத்துவமனையில் நோயாளிக் குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பியாங்கா கனிவாக இருக்கிறாள். துணிக்கடையில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. பொம்மைக்குப் பொருத்தமான வேலை, ஆனால் அதற்குள் அந்தக் கேலியை ரசிக்கும் மனநிலை நமக்குப் போய்விட்டிருக்கும். ஊர்க்காரர்கள் அவளை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படிப் பார்க்க நாமும் பழகிவிடுகிறோம். முதல் இரவுச் சாப்பாட்டில் கஸ்ஸோடு சேர்ந்து விழித்தோம், ஆலயக் கூட்டத்தில் முணுமுணுத்தவர்களோடு முணுமுணுத்தோம், ஒரு விருந்தில் அவளை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தவர்களோடு சிரித்தோம். அவர்கள் மாறிய வேகத்தில் நாமும் மாறினோம். பழைய கிரேக்க நாடகத்தில் குழுப்பாடகர்கள் பார்வையாளருக்கும் நாயகனுக்கும் நடுவில் நிற்பார்களே, ஊர் நிற்பது அந்த இடத்தில். காஸ்லிங் எவ்வளவு நன்றாக நடித்தாலும் அந்த இடத்தில் அவரால் நிற்க முடியாது. அவர் மேடையின் மறுபக்கத்தில் இருக்கிறார்.

இதுவரை சொன்னது ஏற்பின் பாதி. மறுபாதி கொஞ்சம் குரூரமானது, படத்தை இனிப்பு மிட்டாயாகாமல் காப்பாற்றுவதும் அதுதான். லார்ஸ் ஏன் பொம்மையை வரவழைத்தான்? அலுவலகத்தில் மார்கோ என்றொரு பெண் அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அவனால் தாங்க முடியவில்லை. உயிருள்ள மனுஷி எதிர்பாராததைச் செய்வாள், தொடுவாள், ஒருநாள் விட்டுவிட்டுப் போவாள், பிரசவத்தில் சாகவும் சாவாள். பொம்மை எதையும் செய்யாது. முழுக்க அவன் கட்டுப்பாட்டில் இருக்கும். ஊர் பியாங்காவை ஏற்றுக்கொண்டதும் முதலில் பறிபோவது இந்தக் கட்டுப்பாடு. அவளுக்கு வேலை, தொண்டு, தோழிகள், வாராந்தர அட்டவணை எல்லாம் வந்துவிடுகின்றன. பள்ளி நிர்வாகக் குழுவுக்கு அவளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாலை லார்ஸ் அவளோடு பொழுதைக் கழிக்கலாம் என்று வருகிறான். அவளுக்கு வேறு வேலை இருக்கிறது, கூட்டிப்போக ஆட்கள் வந்துவிட்டார்கள். அவன் சண்டை போடுகிறான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். கட்டிய மனைவிக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருப்பதைத் தாங்க முடியாத எந்தக் கணவனும் செய்வது இது. ஊர் அவன் பொய்யை மறுத்திருந்தால் அதை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பான். நம்புவதுபோல நடந்துகொண்டு, அந்தப் பொய்யின்மேல் ஊருக்குரிய கடமைகளையெல்லாம் ஏற்றிவைத்தார்கள். பொய் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. பியாங்கா நோய்வாய்ப்படுவதும் சாவதும் லார்ஸே முடிவுசெய்வது. ஆனால் அந்த முடிவை நோக்கி அவனை நகர்த்தியது மருத்துவர் டாக்மர் (பாட்ரீசியா கிளார்க்ஸன்) மட்டுமல்ல. பொம்மையைப் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அந்தப் பெண்களும்தான்.

டாக்மரைப் பற்றி இங்கே ஒரு வரி சொல்லிவிட வேண்டும். சிற்றூருக்கு ஒரே மருத்துவர். உடம்புக்கும் மனசுக்கும் அவரே. பியாங்காவுக்கு ரத்த அழுத்தம் குறைவு, வாராவாரம் சிகிச்சைக்கு வரவேண்டும் என்கிறார். அவள் படுத்திருக்கும்போது லார்ஸ் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறான். ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கும் என்று கஸ் புலம்பும்போது, உன்னையும் பார்த்துத்தான் என்கிறார். கஸ்ஸின் பயம் பாதி தம்பிக்காக, பாதி தனக்காக என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல முடியாது.

பியாங்கா சாகக் கிடக்கிறாள். வீட்டில் மூன்று மூதாட்டிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சமைத்து மூடி எடுத்துவந்த பாத்திரங்கள் மேசைமேல். மடியில் கம்பளி நூல், கையில் பின்னல் ஊசி. லார்ஸ் தட்டோடு நடுவில் உட்கார்ந்து, நான் இப்போது ஏதாவது செய்யவேண்டுமா என்று கேட்கிறான். வேண்டாம், சாப்பிடு, நாங்கள் உட்கார வந்தோம், துக்கம் நேர்ந்தால் ஆட்கள் அதைத்தான் செய்வார்கள், வந்து உட்காருவார்கள் என்கிறார்கள். எழவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவது என்று நாம் சொல்வதற்கு இந்தப் புரொட்டஸ்டண்ட் ஊரில் பின்னல் ஊசிதான் உருவம். படத்தின் மிக அமைதியான காட்சி இது, என் கணக்கில் மிக வலிமையானதும் இதுதான். ஏனென்றால் இங்கே பொம்மை சட்டகத்தில் இல்லை. நடிப்பு தேவைப்படும் ஒரு பொருள் எதிரே இல்லாதபோதும் இந்தக் கிழவிகள் அதே வேலையைத் தொடர்கிறார்கள். லார்ஸின் தாய் செத்தபோதும் இந்த ஊரில் இப்படித்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது அவனால் அனுபவித்திருக்க முடியாத ஒரு துக்கத்தை, ஊர் கூடி அவனுக்கு இப்போது நடத்திக் கொடுக்கிறது. சாவுச் சடங்கு முழுதுமாக, முறைப்படி, கல்லறை வரை. அங்கே அழுகிறவர்கள் எதற்காக அழுகிறார்கள்? பொம்மைக்காக என்றால் பைத்தியக்காரத்தனம். லார்ஸுக்காக என்றால் அவன் குணமாகியிருக்கிறான், சந்தோஷப்படவேண்டும். குளிப்பாட்டி, உடுத்தி, தள்ளிக்கொண்டுபோய், தூக்கி இறக்கிய கைகளுக்கு இனி வேலையில்லை. பல மாதம் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த வெறுமை தெரியும்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, இது தேவதைக் கதை. இப்படி ஓர் ஊர் எங்கேயும் கிடையாது. பிரமைக்கு ஒத்தூதுவது சிகிச்சையும் ஆகாது. ஊர் கிடையாது என்பதற்கு பெல்ஜியத்தின் கீல் நகரம் பதில். புனித டிம்ஃப்னாவின் ஆலயத்துக்கு மனநோயாளிகளைக் கூட்டிவந்த யாத்ரிகர்கள் இடமில்லாமல் ஊரார் வீடுகளில் தங்கினார்கள். இடைக்காலத்தில் தொடங்கிய அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1930களின் இறுதியில் அந்தச் சின்ன நகரத்து வீடுகளில் 3,700 பேர் போல நோயாளிகள் குடியிருந்தார்கள். நோயின் பெயரை வீட்டுக்காரர்களுக்குச் சொல்வதில்லை என்பது அங்கே மரபாக இருந்தது. நோயாளி என்றுகூடச் சொல்லமாட்டார்கள், வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவர் என்ற பொருள் தரும் சொல்தான். சுவரிலிருந்து சிங்கங்கள் வருவதாக இரவில் அலறிய ஒருவருக்காக, வீட்டுக்காரப் பெண் எழுந்து வந்து சிங்கங்களை விரட்டிவிட்டுப் போனதாகச் செய்திக் கட்டுரைகளில் பதிவாகியிருக்கிறது. சிங்கம் இல்லை என்று வாதாடவில்லை. இருக்கிறது என்று சத்தியமும் செய்யவில்லை. விரட்டினாள், அவர் தூங்கினார். டாக்மரின் வைத்தியம் இதைவிட வேறில்லை. கீல் ஒன்றும் புனிதர்களின் ஊரும் இல்லை. வயல்வேலைக்கு ஆள் கிடைத்தது, அரசு உதவித்தொகை தந்தது. அன்பு பிறகு வந்திருக்கலாம், அல்லது சேர்ந்தே வந்திருக்கலாம். ஏற்பு என்பது முதலில் உணர்ச்சி, பிறகு வேலை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றும்.

அதே நேரத்தில், புனிதரின் வாசலும் நம்பிக்கையும் நோயாளியும் இருந்தால் ஊர் தானாகவே கீல் ஆகிவிடும் என்றும் இல்லை. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் ஏர்வாடியிலும் தர்காவின் பேரைச் சொல்லித்தான் குடும்பங்கள் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கீலில் நோயாளிக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இடம் கிடைத்தது, இங்கே கொட்டகையில். கஸ்ஸும் கரினும் அந்த முதல் இரவில் பியாங்காவுக்கு மேசையில் ஒரு நாற்காலி போட்டதை இதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அது அத்தனை சின்ன விஷயமாகத் தெரியாது. காப்பதும் கட்டிப்போடுவதும் ஒரே சமூகத்தின் கைகள்தாம் என்ற மறுப்பை நான் முழுக்க ஏற்கிறேன். படமும் அதை அறியாததில்லை: அலுவலகத்தில் மார்கோவின் கரடிப்பொம்மைக்குக் கழுத்தில் சுருக்குப் போட்டுத் தொங்கவிடுகிறவனும் அதே ஊர்க்காரன்தான். லார்ஸ் அந்தக் கரடியை இறக்கி, மார்பில் அமுக்கி முதலுதவி செய்கிறான். தனக்கு ஊர் செய்வதை அவன் இன்னொருவருக்குச் செய்யும் முதல் தருணம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. லார்ஸ் வெள்ளையன், சாதுவானவன், ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவன், ஊர் கண்முன்னே பிறந்து வளர்ந்தவன். அவனிடத்தில் ஒரு கறுப்பினத்தவனோ வெளியூர்க்காரனோ இருந்திருந்தால் ஆம்புலன்ஸுக்குப் பதில் காவல்துறை வந்திருக்கும். உண்மைதான். இந்த ஊரின் ஏற்பு மனிதகுலம் மொத்தத்துக்குமானது இல்லை. பழைய கணக்கு ஒன்றைத் தீர்ப்பது அது. தாயில்லாப் பிள்ளையாக அவன் வளர்ந்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கடன். படத்தின் உணர்ச்சி வேர் பிடிப்பது அந்தக் குறுகலான மண்ணில்தான். அன்னியன் ஒருவன் வந்து, நான் உங்களவன் என்று சொன்னால் ஊர் என்ன செய்யும் என்பதை வேறொரு படத்தில்தான் பார்க்க முடிகிறது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ (2022). வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாள நாடகக் குழுவின் பேருந்திலிருந்து ஜேம்ஸ் (மம்மூட்டி) நடுப்பகலில் இறங்குகிறார். தமிழ்ப் பாட்டும் தமிழ்ச் சாப்பாடும் பிடிக்காத மனுஷன். சோளக்காட்டைக் கடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, கொடியில் கிடக்கும் லுங்கியைக் கட்டிக்கொண்டு, 2 ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன சுந்தரத்தின் வீட்டுக்குள் சுந்தரமாகவே நுழைகிறார். மாட்டைக் கவனிக்கிறார், வாய் நிறையத் தமிழ் பேசுகிறார்.

அங்கே ஊர் ஒன்றுகூடி எந்தத் தீர்மானமும் எடுப்பதில்லை. எடுக்கவும் முடியாது, சுந்தரத்தின் மனைவி பூங்குழலி வீட்டுக்குள் இருக்கிறாள், அவளுக்கு நேர்வது வெறும் வேடிக்கை இல்லை. கோபம், பயம், கூச்சம், கொஞ்சம் நப்பாசை எல்லாம் கலந்து தெருவில் நிற்கின்றன. சந்தேகமில்லாமல் அவரை ஏற்பது கண் தெரியாத தாய் ஒருத்திதான், குரலை வைத்து. மற்றவர்கள் அதிகபட்சம் செய்வது, அடித்து விரட்டாமல், மறுநாள் பகல் தூக்கம்வரை இருக்கவிடுவது. தொலைக்காட்சியிலிருந்து பழைய படங்களின் பாட்டும் வசனமும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றன. தன்னை யாருக்கும் தெரியவில்லை என்பது உறைத்து ஜேம்ஸ் கலங்கும்போது நமக்கு ஏற்படும் வலி, ‘லார்ஸ்’ தரும் வலிக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஒன்றில் ஊர் ஏற்றதால் அழுகிறோம், மற்றதில் ஊரால் ஏற்க முடியாததால். இரண்டிலும் நாயகனைவிட ஊர் என்ன செய்கிறது என்பதைத்தான் நம் கண் தேடுகிறது. கிறுக்குத்தனமான கருவைக் கையாளும் பல படங்கள் நினைவில் நிற்காமல் போவதற்குக் காரணமும் இதுதான் என்று படுகிறது. நாயகனின் விசித்திரத்தைச் செதுக்கிச் செதுக்கி மெருகேற்றுவார்கள். சுற்றியிருப்பவர்கள் ஆச்சரியப்படுவதற்கு மட்டும் வந்துபோவார்கள்.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாலுறவுப் பொம்மையை இவ்வளவு சுத்தமாகக் கழுவி, கழுத்துவரை துணி போட்டு, மதப்பணிக்காரியாக்கி வைத்திருப்பது சாமர்த்தியமான தப்பித்தல் என்பார்கள். பேசாத, மறுக்காத பெண்ணுடல் ஒன்று ஊருக்கே செல்லமாவதில் ஒரு நெருடல் இருக்கிறது. சட்டசபைக்கோ வேறு சபைக்கோ நியமிக்கப்பட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் உறுப்பினர் பற்றிய கசப்பான நகைச்சுவையாகக்கூட அந்தப் பள்ளிக்கூடத் தேர்தலை வாசிக்கலாம். படம் அப்படி வாசிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைப் படம் மறைக்கவில்லை: சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆலயத்தில் ஆண்கள் முணுமுணுத்தார்கள், கிழவி முடித்துவைத்தாள். கஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், வயிற்றுப் பிள்ளையோடு கரின் வேலையைப் பார்த்தாள். ஊர் ஏற்றுக்கொண்டது என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லின் கனத்தை யார் தோளில் இறக்கினோம் என்பதற்கு, கரினின் கத்தல் ஒன்றுதான் படத்தில் சாட்சி. அது இல்லாவிட்டால் இந்த மறுப்பு படத்தைச் சாய்த்திருக்கும்.

புதைத்து முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். பனி உருகிவிட்ட பருவம். கல்லறைப் பக்கத்தில் லார்ஸும் மார்கோவும் மட்டும். மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்ற பேச்சு வருகிறது. பிறகு லார்ஸ், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்கிறான். அத்தனை நாளும் சட்டகத்தின் எல்லா மூலைகளிலும் நின்றிருந்த ஊர் அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே இல்லை.